கிரீஸ் ட்ராப்பை யார் திறப்பது? வேலூர் உணவகத்துக்கு முன் உள்ள நான்கு வழிகள்

காட்பாடியில் அறுபது பேர் அமரக்கூடிய பிரியாணிக் கடை ஒன்றைத் தொடங்கவிருக்கும் என் சித்தப்பா மகன், கட்டட வரைபடத்தை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். தேக்சா ஏற்றும் அடுப்பு, இறைச்சி கழுவும் இடம், பாத்திரம் துலக்கும் தொட்டி என எல்லாமே அதில் குறிக்கப்பட்டிருந்தன. தொட்டியிலிருந்து புறப்படும் கழிவுநீர்க் குழாய் மட்டும் ஒற்றைக் கோடாகச் சென்று பின்சுவரில் முடிந்திருந்தது. "கிரீஸ் ட்ராப்புக்குப் பணம் ஒதுக்கிவிட்டேன் அண்ணா, ஆனால் வைத்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டான். கழிவுநீரில் வரும் கொழுப்பைத் தெருக்குழாய்க்குப் போகாமல் பிடித்துவைக்கும் பெட்டிதான் கிரீஸ் ட்ராப். எந்த அளவு, எந்த உலோகம், என்ன விலை என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பராமரிப்பை முதலில் கேட்டவன் அவன்தான். வேலூரில் பதினொரு ஆண்டுகளாக உணவகம் நடத்திவரும் எனக்கு, அவனிடம் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

வழிகள் நான்கு உள்ளன. தொட்டிக்கு அருகில் சிறிய எஃகுப் பெட்டியை வைத்து நம் ஆட்களே அடிக்கடி திறந்து வழித்தெடுக்கலாம். வெளியே தரைக்கடியில் பெரிய சேம்பர் கட்டி, குறித்த இடைவெளியில் லாரியை வரவழைத்து உறிஞ்சச் செய்யலாம். கொழுப்பைத் தின்னும் நுண்ணுயிர்க் கரைசலை நாள்தோறும் குழாயில் ஊற்றலாம். அல்லது கொழுப்பைத் தானே வழித்து ஒதுக்கும் மின்கருவியை வாங்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்பதைக் கருவியை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. உங்கள் அடுப்பில் எந்தக் கொழுப்பு கொதிக்கிறது, உங்கள் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

கிரீஸ் ட்ராப் செய்யும் வேலை மிக எளியது. எண்ணெயின் அடர்த்தி நீரினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே ஓடிவரும் நீரைச் சிறிது நேரம் நிறுத்திக் குளிரவைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும், சோறும் மசாலாவும் அடியில் தங்கும், நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். இதற்கு நேரமும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். பெட்டி நிறைந்துவிட்டால் நேரம் குறைகிறது. கொதிநீரை ஊற்றினால் குளிர்ச்சி போய்விடுகிறது. பராமரிப்பு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றுவதுதான்.

நம் பகுதிச் சமையலறைகளில் கொழுப்பு ஒரே வகையானது அன்று. ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேல்தான் முழுமையாக உருகும்; ஆகவே பிரியாணித் தேக்சாவைக் கழுவிய நீர் பெட்டிக்குள் வந்து ஆறியதும் மெழுகுபோல் இறுகிவிடும், கரண்டியால் அள்ளலாம். ஆற்காடு மக்கன் பேடா பொரிக்கும் கடைகளில் நெய்யும் டால்டாவும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து வருகின்றன. பாகு புளித்து அமிலமாகி, எண்ணெயைவிட மோசமான நாற்றத்தைக் கிளப்புகிறது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோருக்காக மீன்குழம்பும் சோறும் சமைக்கும் மெஸ்களில் கடுகெண்ணெய் பயன்படுகிறது. அது மார்கழிக் குளிரிலும் இறுகாது, மஞ்சள் படலமாக மிதந்துகொண்டே இருக்கும், கரண்டி போட்டால் வழுக்கி ஓடும். ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கடைகளுக்கு ஒரே பராமரிப்பு முறை பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடுகிறது. அப்போது ஆட்டுக் கொழுப்பும் பாதி இளகிய நிலையில் பெட்டியைக் கடந்து போய்விடும். அதுபோலவே இங்குள்ள பெரும்பாலான ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும், சிதைந்த கொழுப்பிலிருந்து வரும் அமிலமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாகக் குழாயின் உட்சுவரில் படிகின்றன. 2017ஆம் ஆண்டு லண்டன் வொயிட்சேப்பல் பகுதியின் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, ஏறத்தாழ 130 டன் எடையில் கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புப் பாறை இவ்வாறு உருவான படிவத்தோடு துடைப்புத் தாள்கள் கலந்து இறுகியதே. நம் ஊர்க் குழாய்களில் அது சிறிய அளவில், நான்கு அங்குலக் குழாயை ஒன்றரை அங்குலமாக்கி உட்கார்ந்திருக்கும்.

முதல் வழியான சிறிய பெட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பரிந்துரைப்பதும் அதையே. அளவைக் கணக்கிடுவது கடினமன்று. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள தொட்டி 81 லிட்டர் கொள்ளும். முக்கால் பங்கு நிரப்பிக் கழுவுகிறோம் என்றால் ஏறத்தாழ 60 லிட்டர். அது ஒரு நிமிடத்தில் வடிய வேண்டுமானால் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தைத் தாங்கும் பெட்டி போதும். நிமிடத்துக்கு 75 லிட்டர் தாங்கும் பெட்டி ஏறத்தாழ 18 கிலோ கொழுப்பைப் பிடித்துவைக்கும் என்பது இவ்வகைப் பெட்டிகளுக்கு வழக்கமான கணக்கு. அந்த 18 கிலோ நிறையும் வரை காத்திருக்கக் கூடாது. மிதக்கும் கொழுப்பும் அடிச்சகதியும் சேர்ந்து நீராழத்தில் நான்கில் ஒரு பங்கை எட்டும்போதே பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்வதை நிறுத்திவிடுகிறது.

திறக்கும் நேரம் முக்கியமானது. இரவு கடையை மூடும்போது திறந்தால் கொழுப்பு கூழாக இருக்கும், நாற்றமும் ஆட்களின் களைப்பும் சேர்ந்து வேலையைக் கெடுக்கும். விடியற்காலையில், முதல் தண்ணீர் தொட்டியில் விழுவதற்கு முன் மூடியைத் தூக்கினால், வெண்மையும் பழுப்பும் கலந்த தட்டு ஒன்று மேலே இறுகிக் கிடக்கும். ஓரத்தில் தட்டைக் கரண்டியைச் செருகி நெம்பினால் கை அகலத் துண்டுகளாகப் பெயர்ந்து வரும். அவற்றை வாளியில் போட்டு, உமியோ மரத்தூளோ ஒரு படி தூவிக் கலந்தால் ஈரம் வடியாமல் உருண்டையாகிவிடும். கட்டிய பையாகக் குப்பை எடுப்பவரிடம் கொடுக்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. உணவுத் துணுக்குகளைப் பிடிக்கும் சல்லடைக் கூடையை நாள்தோறும் கொட்ட வேண்டும். பிரியாணிக் கடையானால் கொழுப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நீரை முழுதும் இறைத்து அடிச்சகதியை அள்ளிய பின், மறவாமல் நல்ல தண்ணீரால் பெட்டியை நிரப்பிவிட்டு மூட வேண்டும். வெறும் பெட்டியை மூடினால் முதலில் வரும் கொழுப்பு, அதை மறிப்பதற்காக உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டின் அடியில் புகுந்து நேரே வெளியேறிவிடும்.

இவ்வழி தோற்கும் இடம் ஒன்று உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பல கடைகளில் இவ்வேலை, ஏற்கெனவே நாள் முழுதும் தண்ணீரில் நின்று பாத்திரம் துலக்கும் அம்மாவின் தலையில், கூடுதல் கூலியின்றிச் சுமத்தப்படுகிறது. அவர் இரண்டு வாரம் செய்வார், பிறகு மூடியின் மேல் ஒரு அண்டா ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கடையில் இருவர் முறைவைத்துச் செய்கிறார்கள். அதற்குத் தனியாகக் கூலி உண்டு. முழங்கை வரை வரும் கையுறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை முறை என்னுடையது. உரிமையாளர் தன் கையால் வாரம் ஒருமுறையாவது அந்த மூடியைத் தூக்காத கடையில் இந்த வழி நிலைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சிறிய பெட்டிக்குப் பெரும் பகை சோறு வடித்த கஞ்சி. ஆம்பூர் முறையில் சீரகசம்பா அரிசியை முக்கால் பதம் வேகவைத்து வடித்த பிறகே தம் போடுகிறோம். வடிக்கும் நீர் ஏறத்தாழக் கொதிநிலையிலேயே இருக்கும். அதைப் பாத்திரத் தொட்டியில் சாய்த்தால், முதல்நாள் முழுதும் பெட்டி சேர்த்துவைத்த கொழுப்பு ஐந்து நிமிடத்தில் உருகித் தெருக்குழாய்க்குப் போய், அங்கே ஆறி இறுகும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்தோ எண்ணெய்த் துளிகளை ஒன்றுசேர விடாமல் பாலாக்கி வைக்கிறது. ஆகவே வடித்த நீரைப் பெரிய எஃகு அண்டாவில் பிடித்து, இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு, மதியக் கூட்டம் ஓய்ந்த பின் மெல்லத் திறந்துவிட வேண்டும். உப்பும் மசாலாவும் சேராத சாப்பாட்டுச் சோற்றின் கஞ்சியை எங்கள் பகுதியில் மாடு வைத்திருப்பவர்கள் விரும்பி வாங்கிச் செல்கிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் அதன் சுடுநீரையும் சிறிய பெட்டியோடு இணைக்கக் கூடாது. பத்தாயிரக்கணக்கில் கருவிக்குச் செலவிடுவோர், அண்டா ஒன்றை வைக்க இடம் இல்லை என்று சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

இரண்டாவது வழி, வெளியில் கட்டும் பெரிய சேம்பர். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் நீர் வருமானால், அது அரை மணி நேரம் தங்குவதற்கு 1,200 லிட்டர் கொள்ளளவு வேண்டும். இடமும், லாரியின் குழாய் எட்டும் தூரமும் இருந்தால் இது நல்ல ஏற்பாடு; அன்றாடம் திறக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்க் கொத்தனார் பலர் இதைச் செப்டிக் டேங்க்போலவோ, வெறும் சேம்பர்போலவோ கட்டிவிடுகிறார்கள். வெளியேறும் குழாய்க்கு 'டி' (T) வடிவ இணைப்பு வைத்து, அதன் கீழ்வாய் நீருக்குள் ஆழ இறங்கியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் மேலே மிதக்கும் கொழுப்புதான் முதலில் வெளியேறும். கழிப்பறைக் குழாய் எக்காரணத்தாலும் இந்தச் சேம்பரில் சேரக் கூடாது. பூச்சு முடிவதற்குள் நேரில் நின்று பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் இவையே.

சேம்பரை அளக்க ஒரு வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட மூங்கில் கழி போதும். கழியை மெல்ல இறக்கும்போது கொழுப்பு அடுக்கு கையை எதிர்க்கும். அதைக் கடந்ததும் சட்டென்று இலகுவாகும். அடியில் மீண்டும் மெத்தென்று நிற்கும். வெளியே எடுத்தால் துணியில் மூன்று நிறங்கள் தெரியும். நீராழம் ஒரு மீட்டர் என்றால், மேலே 15 செ.மீ., கீழே 10 செ.மீ. ஆனதும் லாரியை அழைக்கும் நாள் வந்துவிட்டது. "மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்" என்று யாரும் உங்கள் கடைக்குப் பொதுவாகச் சொல்ல முடியாது; முதல் மூன்று மாதம் வாரந்தோறும் அளந்தால் உங்கள் இடைவெளி உங்களுக்கே தெரிந்துவிடும்.

லாரி வரும் நாளில் உரிமையாளரோ பொறுப்பாளரோ அருகில் இருந்தாக வேண்டும். ஒருமுறை நான் ரமலான் மாத வேலையில் மூழ்கியிருந்தபோது வந்த லாரிக்காரர், குழாயை நடுவில் இறக்கி நீரை மட்டும் உறிஞ்சிவிட்டு, ஒரு முழத் தடிமனுள்ள கொழுப்புக் கட்டியை அப்படியே விட்டு மூடிச் சென்றிருந்தார். முழுத்தொகையையும் கொடுத்த பிறகு, பத்தாம் நாள் பின்பக்கத் தொட்டியில் கழிவுநீர் எதிர்த்து வந்தபோதுதான் அது தெரிந்தது. முதலில் மேல்தட்டை உடைத்து உறிஞ்சச் செய்ய வேண்டும், கடைசியில் அடிச்சகதியை. உறிஞ்சிய நீரை மீண்டும் சேம்பருக்குள் விட அனுமதிக்கக் கூடாது. சுவர்களைக் கழுவி, நல்ல நீர் நிரப்பிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். உரிமம் பெற்ற ஊர்தியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். இரவோடிரவாகப் பாலாற்றங்கரையில் கொட்டப்படும் கழிவு நம் கிணறுகளுக்கே திரும்பி வருகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆறும் நிலத்தடி நீரும் பட்ட பாட்டைக் கண்டு வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்த ஆற்றுக்கு உணவகக்காரர்களும் ஒரு பங்கு சேர்க்கக் கூடாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாரையும் சேம்பருக்குள் இறக்கக் கூடாது. மூடிக்கிடந்த கொழுப்புச் சகதியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. செறிவு மிகும்போது அது மூக்கின் மோப்பத்தையே மழுங்கச் செய்வதால், நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி இறங்குபவர் மேலே வருவதில்லை. ஆட்களைக் கொண்டு சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கழியும் நீண்ட கைப்பிடிக் கரண்டியும் எட்டாத ஆழத்துக்குச் சேம்பர் கட்டுவதே தவறு என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது வழியான நுண்ணுயிர்க் கரைசலை விற்பவர்கள், பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்வார்கள். அதை நம்பி நானும் வாங்கினேன். ஒரே வாரத்தில் பெட்டி பளிச்சென்று ஆனது. மூன்று மாதம் கழித்துத் தெரு சேம்பரில், எங்கள் குழாய் சேரும் இடத்தில், பிளாஸ்டர்போல் வெள்ளையாக இறுகிய அடைப்பைக் கடப்பாரையால் உடைத்தெடுத்தார்கள். கரைசலில் இருந்தது கொழுப்பைச் செரிக்கும் உயிரி மட்டுமன்று, அதைப் பாலாக்கித் தள்ளிவிடும் சோப்பும்தான் என்பது அப்போது புரிந்தது. வாங்குமுன் ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரும் எண்ணெயும் சிறிது கரைசலும் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். உடனே பாலாகி, அரை மணி நேரம் ஆகியும் பிரியவில்லை என்றால் அதை வாங்க வேண்டாம். உண்மையான நுண்ணுயிர் நிமிடங்களில் எதையும் செய்யாது. அதற்கு இரவு முழுதும் அசையாத நீர் வேண்டும். பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் எதுவும் அக்குழாயில் இறங்கக் கூடாது. நம் சமையலறைகளில் தரை கழுவும் பினாயில் இல்லாத நாள் ஏது? வெறும் என்சைம் மட்டும் உள்ள பொருளானால், அது கொழுப்பைக் கொழுப்பு அமிலமாக உடைத்துவிடும், தின்னாது. அந்த அமிலம் நம் கடினநீரோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். நாற்றத்தைக் குறைக்கவும், வழித்தெடுக்கும் இடைவெளியைச் சிறிது நீட்டவும் நல்ல நுண்ணுயிர்க் கரைசல் துணைசெய்யும். தனித்து நிற்கும் வழியாக அதை நான் ஏற்கமாட்டேன்.

நான்காவதான தானியங்கிக் கருவி கொழுப்பை மிதமாகச் சூடாக்கி, சுழலும் உருளையால் வழித்துப் பக்கத்துக் கலத்தில் சேர்க்கிறது. இறுகாத கடுகெண்ணெய்க்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் பொருந்தும். ஆனால் கடினநீரால் சூடேற்றும் கம்பியில் வெண்படிவம் ஏறும், எலும்புத் துணுக்கு உருளையில் சிக்கும், பழுதுபார்ப்பவர் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும். சல்லடையை நாள்தோறும் கொட்டும் வேலை இதிலும் மிஞ்சுகிறது. அறுபது இருக்கைக் கடைக்கு இது தேவையில்லை.

பொரித்த எண்ணெயை இவற்றோடு குழப்பக் கூடாது. அது ட்ராப்புக்கே வரக் கூடாத பொருள். திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. தனி டின்னில் பிடித்து, சேகரிப்பவரிடம் விற்றுவிடலாம். ட்ராப்பில் அள்ளிய கொழுப்பை அந்த டின்னில் கலந்தால் இரண்டும் வீண்.

சி.எம்.சி.யைச் சுற்றிய குறுகிய சந்துகளில் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் மெஸ்ஸுக்குச் சேம்பர் தோண்ட இடமும் இல்லை, உரிமையும் இல்லை. அங்கே சிறிய பெட்டி ஒன்றே வழி. கடுகெண்ணெய் என்றால் கரண்டிக்குப் பதிலாக, பழைய பருத்தித் துணியையோ மரத்தூள் கட்டிய மூட்டையையோ மிதக்கவிட்டு எடுக்க வேண்டும். ஆற்காட்டு இனிப்புக் கடைக்கு இடைவெளி இன்னும் குறுகியது. பாகு புளிப்பதால் கொழுப்பு குறைவாக இருந்தாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் வைத்திருப்பவர்கள் எல்லோரையும்விடக் கவனமாக இருக்க வேண்டும். உறிஞ்சு குழியின் மண் ஒருமுறை கொழுப்பால் அடைபட்டால் புதுக் குழிதான் தோண்ட வேண்டியிருக்கும்.

என் தம்பியின் கடைக்குப் பின்புறம் பத்தடி இடம் இருந்தது. ஆகவே உள்ளே 75 லிட்டர் ஓட்டத்துக்கு ஒரு பெட்டி, வெளியே அதற்குத் துணையாக இரண்டு மூடிகள் கொண்ட 1,200 லிட்டர் சேம்பர் என்று முடிவு செய்தோம். பெட்டி இருந்தால் சேம்பரில் கொழுப்பு மெல்லத்தான் சேரும். சேம்பர் இருந்தால், ஒருநாள் ஆள் வராவிட்டாலும் தெருவுக்குக் கொழுப்பு போகாது. வரைபடத்தில் பெட்டியைத் தொட்டிக்கு அடியிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தினோம், மூடியின் மேல் எதுவும் வைக்க முடியாதபடி. வடிக்கும் அடுப்புக்கு அருகில் கஞ்சி அண்டாவுக்கு ஒரு வட்டம் போட்டான். பிறகு பெட்டிக்கு நேராக, ஓரத்தில், பென்சிலால் "காலை 5.30" என்று எழுதி, அதன் கீழ் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொண்டான்.